ஓட்டு வாங்காத நீதிபதி, சட்டத்தை ரத்து செய்யலாமா?

“நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் இயற்றும் சட்டத்தை, யாரும் ஓட்டுப் போடாத நீதிபதிகள் ரத்து செய்வது ஜனநாயகமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது எந்தச் சட்டம் என்பதைப் பொறுத்தது. அரசு தவறு செய்தால் மக்கள் தட்டிக்கேட்டு மாற்ற வழி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். இருந்தால் நீதிமன்றம் கொஞ்சம் ஒதுங்கி நிற்பது நல்லது. அந்த வழியையே அடைக்கிற சட்டம் என்றால் அதை ரத்து செய்தே ஆக வேண்டும்.

கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட, நம்மூர் சென்னை மாகாண அரசின் ஆணையான ‘கம்யூனல் ஜி.ஓ.’வை 1951 ஏப்ரலில், செண்பகம் துரைராஜன் வழக்கில், உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. தவறான தீர்ப்பு என்பது என் கருத்து. ஆனால் சென்னையில் போராட்டம் வெடித்தது. ஜூன் மாதமே முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) பிரிவு சேர்க்கப்பட்டது. பதில் சொல்ல இடம் இருந்தது, நாடாளுமன்றம் சொன்னது.

1975 கதை வேறு. ஜூன் 12 அன்று இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்புறம் நெருக்கடி நிலை. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில். அந்த நிலையில்தான் ஆகஸ்டில் 39வது திருத்தம் நிறைவேறியது: பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்கவே முடியாது! மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை இருந்தது, உண்மைதான். ஆனால் தேர்தல் முறையாக நடந்ததா என்று கேட்கவே கூடாது என்றால், அந்தப் பெரும்பான்மைக்கு என்ன மதிப்பு? அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் 7–6 என்ற கணக்கில் நூலிழையில் நிலைபெற்ற ‘அடிப்படைக் கட்டமைப்பு’ கோட்பாடுதான் (அரசியல் சட்டத்தின் அடிப்படையைத் திருத்தம் போட்டும் சிதைக்க முடியாது என்பது) கைகொடுத்தது. தேர்தல் சட்டங்களையும் முன்தேதியிட்டுத் திருத்தியிருந்ததால் இந்திராவின் வெற்றி மட்டும் நிலைத்தது.

சரி, நீதிபதிகளை நம்பி நிம்மதியாக இருந்துவிடலாமா? முடியாது. 1976 ஏப்ரலில், நெருக்கடி நிலையில் சிறை வைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. ஐந்து நீதிபதிகளில் அதை ஏற்க மறுத்தவர் எச்.ஆர். கன்னா ஒருவர்தான். அந்தத் தவறைத் திருத்தியவர்கள் 1977இல் ஆட்சியை மாற்றிய வாக்காளர்கள். அடுத்து வந்த நாடாளுமன்றம்தான், நெருக்கடி நிலையிலும் உயிர் வாழும் உரிமையை முடக்க முடியாது என்று 44வது திருத்தத்தில் எழுதி வைத்தது.