வெள்ளி மங்கிய டிக்கியா

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில், வீவக அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் டிக்கியா என்ற முட்செடி வளர்க்கிறேன். கள்ளி மாதிரி என்று பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். இலைநுனி கருகுகிறது, வெள்ளிநிறமும் மங்குகிறது. பூத்தால் செத்துவிடுமா? – வாசகி

பதில்: அம்மா, முள்ளைப் பார்த்துக் கள்ளி என்று நினைத்துவிட்டீர்கள். இது அன்னாசியின் உறவு. பெரும்பாலும் பிரேசில் பாறைகளில் வளர்வது. வேர் முழுக்கக் காய்ந்தால் நுனிதான் முதலில் கருகும். மண் மேலாகக் காய்ந்ததும் ஊற்றுங்கள். சுட்ட மண்ணும் பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல்துகளும் கலந்தால் நீர் தேங்காது.

அந்த வெள்ளி, இலைமேல் ஒட்டியிருக்கும் நுண்செதில். துடைத்தால் போனது போனதுதான். நானும் ஒருமுறை தூசி என்று ஈரத்துணியால் துடைத்தேன். என் விரல்தடம் அந்த இலையில் பச்சையாகவே நின்றுவிட்டது, இன்னும் மனம் ஆறவில்லை. வெயில் போதாவிட்டாலும் புது இலை பச்சையாக நீளும். நடைபாதைக் கம்பியோரம், நேர்வெயிலுக்குச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள்.

பூத்தால் சாகாது. பூந்தண்டு பக்கவாட்டில்தான் வரும், நடுக்குருத்து வளர்ந்துகொண்டே இருக்கும்.

அப்புறம், இரண்டு ரகங்கள் சேர்ந்து பூத்தால் தூரிகையால் மகரந்தம் மாற்றிப் பாருங்கள். ஒரே காயின் விதைகளிலேயே ஒன்று கருஞ்சிவப்பாக, ஒன்று வெள்ளியாக வரலாம். தொட்டி மாற்றும்போது நீள இடுக்கி அவசியம்: கொக்கிமுள், கை உள்ளே போகும், வெளியே விடாது.