இருபதாயிரம் ரூபாய் போனுக்கும் லட்ச ரூபாய் போனுக்கும் கேமராவில் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா?

கேட்டிருப்பவர் குடியாத்தம்காரர். வீட்டில் ரெண்டு வயதுக் குழந்தை. கோயில், விசேஷம், ஊர் சுற்றல் என்று எடுக்கத்தான் போன் வேண்டுமாம். அவ்வளவு காசு போட்டால் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இருக்குமா, வாங்கினால் எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும் என்று கேட்கிறார்.

பகலில், வெளியில் எடுப்பதற்கு மட்டும் என்றால் வேண்டாம், காசை மிச்சம் பிடியுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு எந்தக் கேமராவும் நன்றாகத்தான் எடுக்கும். காலையில் வேலூர்க் கோட்டை அகழி ஓரம் நின்று ரெண்டு போனிலும் ஆளுக்கொரு படம் எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுப் பாருங்கள். எது எந்த போன் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்.

அந்தக் காசு வேலை செய்வது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். ஒற்றை டியூப்லைட் எரிகிற கூடம், ஓர் இடத்தில் நிற்காத பிள்ளை, அது ஓடிவந்து தாத்தா மடியில் விழுகிற அரை நொடி. வெளிச்சம் குறைந்தால் போன் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். அந்த நேரத்துக்குள் பிள்ளை அசைந்தால் முகம் இழுபடும். பல ஃபிளாக்ஷிப் போன்களில், அதாவது கம்பெனிகளின் உச்ச விலை போன்களில், மெயின் கேமராவின் சென்சார் (வெளிச்சத்தைப் பிடிக்கும் சில்லு) 1/1.3 இன்ச் அளவில், மலிவு போனில் இருப்பதைவிடப் பெரும்பாலும் பெரிதாக இருக்கும். சென்சார் பெரிதானால் அதே நேரத்தில் அதிக வெளிச்சம் பிடிக்கும், ஷட்டரைச் சீக்கிரம் மூடலாம். சங்கதி அவ்வளவுதான். விளம்பரத்தில் ஓஐஎஸ், ஓஐஎஸ் என்கிறார்களே, அது நம்ம கை நடுக்கத்தை மட்டும்தான் தாங்கும். பிள்ளை ஓடுவதை அது ஒன்றும் செய்யாது.

இதை போன் வாங்கும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: கூடத்தில் இன்னொரு 20 வாட் எல்இடி பட்டி மாட்டினால், இருபதாயிரம் ரூபாய் போனே பாதி தூரம் வந்துவிடும். லட்ச ரூபாய்ச் செலவுக்கு முன்னால் சில நூறு ரூபாய்ச் செலவைப் பார்த்துவிடுவது நல்லது.

மெகாபிக்சலை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். 200 மெகாபிக்சல் என்று பெட்டியில் போட்டிருக்கும் போன், சாதாரணமாக எடுக்கும்போது பதினாறு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தரும். அதுதான் நல்லதும்கூட. முழு 200-இல் எடுக்க நல்ல வெயில் வேண்டும், எதிரில் அசையாத பொருள் வேண்டும். நான் வைத்திருப்பதும் அப்படி ஒரு போன்தான். எந்தக் கம்பெனி என்று சொன்னால் கீழே கமெண்டில் சண்டை வரும், விடுங்கள்.

அப்புறம் மலிவு போனில் பின்பக்கம் நாலு வட்டம் இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அதில் 2 மெகாபிக்சல் மேக்ரோ, டெப்த் என்று இருப்பதெல்லாம் எண்ணிக்கைக்கு வைத்தவை. விலை உயர்ந்த போனில் மூன்று வட்டம் இருந்தால் மூன்றும் உழைக்கும்.

கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். அதில் சாமி 1981-லேயே திரும்பி வந்துவிட்டார், ஆறு மட்டும்தான் இன்னும் யோசிக்கிறது. உள்ளே நுழைந்ததும் இருக்கும் கல்யாண மண்டபத்தில் யாளியும் குதிரை வீரர்களுமாகச் செதுக்கிய தூண்கள் வரிசையாக நிற்கும். வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் போய் ஒரு தூணுக்கு நேரே போனைப் பிடியுங்கள். திரையில் என்ன தெரிகிறது? தூணின் வெயில் பட்ட பக்கமும் தெரியும், பின்னால் இருட்டு மூலையும் தெரியும், எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் தட்டையாக இருக்கும். போன் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு நிழலை எல்லாம் தூக்கிவிடுகிறது. கல்லில் செதுக்கியது கண்ணுக்குத் தெரிவதே நிழலால்தான், அதை எடுத்துவிட்டால் அப்புறம் யாளி ஏது?

வெயில் பட்ட கல்லின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். பக்கத்தில் சின்னதாக ஒரு சூரியன் குறியோ கோடோ வரும். அதைக் கீழே இழுங்கள், மூலை கறுக்கும் வரைக்கும். யாளியின் பல், குதிரையின் கடிவாளம், வீரன் கால் நரம்பு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். போன் கேமராவில் ஒன்றே ஒன்று கற்றுக்கொள்வதானால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். இருபதாயிரம் போனிலும் இது உண்டு.

அடுத்தது முகம். வாங்கிய அன்றைக்கே பியூட்டி, ஸ்மூத்திங் என்று என்ன பெயரில் இருந்தாலும் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய் வையுங்கள். எங்கள் வீட்டுக் காதுகுத்தில் மச்சான் அவர் போனில் எடுத்த படத்தைப் பெரியம்மாவிடம் காட்டினார். "இன்னாடா இது, என் மூஞ்சி மாரியே இல்லியே, சுண்ணாம்பு அடிச்ச மாரி கீது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மாநிறம், கறுப்பு என்று நம்ம வீட்டில் இருக்கிற நிறங்களைப் போன் தன்னிஷ்டத்துக்கு வெளுத்துவிடும். பியூட்டியை அணைத்த பிறகும் வெளுத்தால், மேலே சொன்ன அந்தச் சூரியனைக் கொஞ்சம் கீழே இழுங்கள், நிறம் திரும்பும்.

குரூப் போட்டோவை ஜூம் எண் 0.5-இல், அதாவது அகல லென்ஸில், எடுக்காதீர்கள். ஓரத்தில் நிற்கும் சித்தப்பா அகலத்தில் ரெண்டு சித்தப்பா ஆகிவிடுவார். நாலடி பின்னால் போய் 1-இல் எடுங்கள். இடம் இருந்தால் இன்னும் பின்னால் போய் 2-இல் எடுங்கள், முகங்கள் இயல்பாக இருக்கும்.

பெரிய சென்சாரில் ஒரு தொல்லையும் உண்டு. ஒரு சாணுக்கும் கிட்டே போனால் மெயின் கேமராவுக்குக் குவியம் சரியாகப் பிடிக்காது, பிடித்தாலும் தாள் முழுக்க ஒரே சீராகத் தெளியாது. டாக்டர் சீட்டு, பட்டா நகல், ரேஷன் கார்டு இதையெல்லாம் எடுக்கும்போது நடுவில் தெளிவாகவும் ஓரத்தில் மங்கலாகவும் வருவது அதனால்தான். மூக்கு முட்டப் போகாமல் கொஞ்சம் தள்ளி நின்று 2 அல்லது 3-க்கு ஜூம் செய்து எடுங்கள். ஓரத்து எழுத்தும் படிக்க வரும்.

வீடியோவைப் பொறுத்தவரை, நம்ம ஊர்க் கல்யாண மண்டபத்துக்கு என்றே ஒரு செட்டிங் இருக்கிறது, கடையில் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். எடுத்த வீடியோவில் மேடை விளக்கோ சீரியல் செட்டோ மினுக்கிக்கொண்டே, திரையில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நம்ம நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் நொடிக்கு நூறு முறை மங்கி எரிகின்றன. போன் எடுப்பதோ நொடிக்கு 30 பிரேம், அதாவது 30 படம். இரண்டும் ஒத்துப்போகாது. ஐபோனில் கேமரா செட்டிங்கில் ரெக்கார்ட் வீடியோ பகுதிக்குள் ஷோ பால் ஃபார்மட்ஸ் என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டால் 25 பிரேம் என்ற தேர்வு வரும், மண்டபத்தில் அதில் எடுங்கள். ஆண்ட்ராய்டு ஃபிளாக்ஷிப்களில் புரோ வீடியோவுக்குள் போய் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள். பட்டை போய்விடும். மலிவான அலங்கார விளக்குகள் சில இதற்கும் அடங்காது, அது நம்ம கையில் இல்லை.

தாலி கட்டும் நேரத்தில் தவிலுக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். மைக் தாங்காமல் சத்தம் உடைந்துவிடும், படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் திரும்பக் கேட்க முடியாது. மணமக்களுக்கு எதிர்ப்பக்கம், மேளத்திலிருந்து தள்ளி நின்று ஜூம் போடுங்கள். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸ் உண்மையில் உதவுவது இங்கேதான். கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்கும் அது நல்லது. ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு என்று ஆசைப்படாதீர்கள், உள்ளே செல்போனே கொண்டுபோக முடியாது. நூறு மடங்கு ஜூமில் நிலா என்பதெல்லாம் ரீல்ஸ் போட. நிலாவில் இல்லாத நுணுக்கத்தைப் போனே வரைந்து சேர்க்கிறது என்று 2023-இல் பெரிய சர்ச்சையே நடந்தது.

நிலாவை விட்டு நட்சத்திரத்துக்குப் போங்கள். ஜவ்வாது மலையில் காவலூர்ப் பக்கம் வைணு பாப்பு வானாய்வகத்தை வைத்ததே அங்கே இரவு இருட்டாக இருப்பதால்தான். அந்த மலையில் தெரு விளக்கு இல்லாத இடமாகப் பார்த்து, நிலா இல்லாத இரவில், போனை ஒரு பாறை மேல் சாய்த்து வைத்து டைமர் போட்டுவிட்டு விலகி நில்லுங்கள். கூகுளின் பிக்சல் போன்களின் நட்சத்திர மோடு நாலு நிமிடம் வரை எடுக்கும். வண்டி ஹெட்லைட் ஒன்று திரும்பினால் எல்லாம் போச்சு.

வெயில் பற்றிச் சொல்லாமல் விட்டால் வேலூர்க்காரன் எழுதியதாக ஆகாது. ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற சுற்றுவெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை என்று ஆப்பிள் சொல்கிறது. கத்திரி வெயிலில் இங்கே நிழலிலேயே 40-ஐத் தாண்டும், மரமில்லாத மலைப் பாறையும் சேர்ந்து அனலைத் திருப்பி அடிக்கும். அந்த நேரத்தில் 4கே 60 பிரேமில் வீடியோ எடுத்தால் முதலில் திரை மங்கும், அப்புறம் ரெக்கார்டிங்கே நின்றுபோகும். எந்தக் கம்பெனி போனானாலும் இதே கதைதான். மே மாதத்தில் உறையைக் கழற்றிவிட்டு, 30 பிரேமில், சின்னச் சின்னத் துண்டாக எடுங்கள். சூடானதும் ஃப்ரிட்ஜில் வைக்கும் ஆட்களும் இருக்கிறார்கள், அதைச் செய்யாதீர்கள், உள்ளே ஈரம் கோக்கும்.

பைக் ஹேண்டிலில் போனை மாட்டி மேப் பார்க்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். இன்ஜின் அதிர்வு லென்ஸைத் தாங்கும் ஓஐஎஸ் பாகத்தைக் கெடுக்கலாம் என்று 2021-இல் ஆப்பிளே எச்சரித்தது. மற்ற போனுக்குள்ளேயும் அதே மாதிரி பாகம்தான் இருக்கிறது.

லென்ஸைத் துடைப்பதை ஒரு குறிப்பாகச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் விபூதி தொட்ட விரல், எண்ணெய் வைத்த தலை தடவிய விரல் எல்லாம் அந்தக் கண்ணாடி மேல்தான் போய் நிற்கும். குத்துவிளக்குச் சுடரைச் சுற்றிப் பெரிய வெள்ளை மூட்டம் தெரிந்தால் கேமராவைத் திட்ட வேண்டாம், வேட்டி முனை போதும்.

அனுப்பும் விஷயம். லட்ச ரூபாய் போனில் எடுத்ததை வாட்ஸ்அப்பில் அப்படியே தட்டிவிட்டால் அது சில நூறு கேபியாகச் சுருங்கித்தான் போய்ச் சேரும். எச்டி என்பதை அழுத்தி அனுப்புங்கள், இல்லாவிட்டால் டாகுமெண்டாக அனுப்புங்கள். ஐபோன் என்றால் கேமரா செட்டிங்கில் ஃபார்மட்ஸில் மோஸ்ட் கம்பாட்டிபிள் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஐபோன் படங்களை எச்இஐசி என்ற வகைக் கோப்பாகச் சேமிக்கும்; பிரிண்ட் போடும் சின்ன ஸ்டுடியோக்களில் அது பல நேரம் திறக்காது, பெண்டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வெளிச்சத்தைக் கூட்டிப் பளிச்சென்று காட்டும் எச்டிஆர் வீடியோவையும் அணைத்து வையுங்கள். உங்கள் போனில் பளபளவென்று தெரிவது மாமனார் வீட்டு டிவியில் வெளிறிப் போய்த் தெரியும்.

எதை வாங்குவது? சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 அல்ட்ரா 2024-இல் வந்தபோது 1,29,999 ரூபாய். ஐபோன் 15 ப்ரோ அதற்கு முந்தைய வருஷம் 1,34,900-இல் தொடங்கியது. புதிதாக வந்த வாரத்தில் அந்த விலைக்கு வாங்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. கேமரா வருஷா வருஷம் மாறுவது ரொம்பக் கொஞ்சம், ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ பழைய ஃபிளாக்ஷிப்பை வாரண்டியோடு வாங்குங்கள். ஸ்டோரேஜில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஐபோன் கணக்குப்படி ஃபார்மட்ஸில் ஹை எஃபிஷியன்சி வைத்தால் 4கே 30 பிரேமில் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 எம்பி, 60 பிரேமில் 400 எம்பி; மோஸ்ட் கம்பாட்டிபிளில் 30 பிரேமுக்கே இதைவிடக் கூடும். ரெண்டு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் 128 ஜிபி சீக்கிரம் நிறைந்துவிடும், 256-க்குக் கீழே போகாதீர்கள். கடைக்கு ராத்திரியில் போங்கள். உள்ளே கண்ணைக் கூசும் வெளிச்சம்தான் இருக்கும், அதனால் டெமோ போனை வாசல் பக்கம் கொண்டுபோய், தெருவில் நடந்து போகிறவர்களை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கைகால் இழுபடாமல் வருகிற போனுக்குக் காசு கொடுக்கலாம்.