ஐஸைப் பெருக்கி ஒரு பிழைப்பா?

கேள்வி: டிவியில் கர்லிங் என்று ஒரு ஐஸ் விளையாட்டு பார்த்தேன். ஒருவர் கல்லைத் தள்ளிவிட, ரெண்டு பேர் அதுக்கு முன்னால் விழுந்து விழுந்து பெருக்குகிறார்கள். இதையெல்லாம் வருஷக்கணக்காக ஆடுவார்களா என்ன?
— ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: நமக்கு ஐஸ் என்றால் கும்பகோணம் கடைத்தெருவில் நன்னாரி சர்பத்தில் மிதப்பதுதான், அதனால் உங்கள் சந்தேகம் நியாயம். ஆனால் அது குப்பை பெருக்குவது இல்லை. தேய்க்கிற சூட்டில் உராய்வு குறைந்து, கல் கொஞ்சம் கூடுதல் தூரம், அதிகம் வளையாமல் போகும். கல்லும் லேசுப்பட்டதில்லை, கிட்டத்தட்ட 20 கிலோ கிரானைட்.

வருஷக்கணக்கு என்று கேட்டீர்களே, ஸ்காட்லாந்தின் ஈவ் மியூர்ஹெட்டைப் பாருங்கள். 2010 ஒலிம்பிக்கில் 19 வயதிலேயே பிரிட்டன் அணித் தலைவி. 2013-ல் உலக சாம்பியன், 2014 ஒலிம்பிக்கில் வெண்கலம். அப்புறம் 2018 ஒலிம்பிக்கில் ஜப்பானுக்கு எதிரான வெண்கலப் போட்டியில் கடைசிக் கல் அவர் கையில், அது தவறியது, பதக்கமும் போனது. அந்த ஒரு கல்லை நினைத்து எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்திருப்பாரோ. நானாக இருந்தால் துடைப்பத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அவர் நாலு வருஷம் கழித்து 2022-ல் பீஜிங் போய், இறுதிப் போட்டியில் அதே ஜப்பானை 10-3 என்று சாத்திவிட்டுத் தங்கம் வாங்கினார். அதே வருஷம் ஓய்வும் அறிவித்துவிட்டார், வயது 32.