வாசகர் கேள்வி–பதில்: ராயக்கோட்டை எந்தத் துறைக்குச் சொந்தம்?

கேள்வி: என் பேத்தி ஆய்வுப் படிப்புக்குப் 'பதினெட்டாம் நூற்றாண்டுப் பண்பாடு' என்ற பொருளைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். இலக்கியம், ஓவியம், அறிவியல், வரி நிர்வாகம் என எல்லாவற்றையும் ஒன்றாகப் படிப்பது நுனிப்புல் மேய்வதாகாதா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காவேரிப்பட்டணம்

பதில்: ஆகலாம், அவ்வாறு மேய்ந்த கட்டுரைகளை நானும் படித்திருக்கிறேன். ஆயினும் அமெரிக்காவில் 1969இல் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கும் அளவுக்கு அறிஞர்கள் ஒன்றுகூடியதற்குக் காரணம் உண்டு. இன்று நாம் தனித்தனித் துறைகளாகப் பிரித்து வைத்திருப்பவற்றை அந்த நூற்றாண்டின் மனிதர்கள் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. 1800இல் மைசூர் நாடுகளைப் பார்த்துவர அனுப்பப்பட்ட பிரான்சிஸ் புக்கானன் தொழிலால் மருத்துவர். ஆனால் மண், பயிர், பாசனம், சாதிகள், இரும்பு உருக்கும் முறை என அனைத்தையும் ஒரே பயணக் குறிப்பில் எழுதினார். அவரை எந்தத் துறைக்காரர் உரிமை கொண்டாடுவது?

உங்கள் ஊருக்கு வடமேற்கே உள்ள ராயக்கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1791இல் ஆங்கிலக் கம்பெனிப் படை அக்கோட்டையைப் பிடித்தது. மறு ஆண்டு ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் பாராமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி) வழியே பயணம் செய்து அதை வரைந்தார்கள். அந்தப் படத்தில் காணும் அமைதியை ஓவிய வரலாற்றாசிரியர் அக்கால ஐரோப்பிய இயற்கைக்காட்சி ரசனையோடு இணைத்து விளக்குவார். அந்த ஓவியர்கள் அங்கே வந்து வரைய முடிந்ததே கோட்டை கைமாறியதால்தான் என்பதைப் போர் வரலாறு அறிந்தவர் நினைவூட்டுவார். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்ததும், கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து தீர்வை விதித்து, உழவரிடமே நேரடியாகத் தீர்வை வாங்கும், பின்னாளில் ரயத்துவாரி எனப் பெயர்பெற்ற முறைக்கு இங்கே அடித்தளம் இட்டார்கள். மலையை வரைந்த கண்ணும் வயலை அளந்த சங்கிலியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இந்த மண்ணுக்கு வந்தன. ஒன்றை மட்டும் பார்ப்பவருக்கு மற்றொன்று விட்டுப்போகும். வயலில் உழுதவர் என்ன தீர்வை கட்டினார் என்பது படத்தில் இல்லை. அந்த மலை பார்ப்பவர் மனத்தில் என்ன வியப்பை எழுப்பியது என்பது கணக்கில் இல்லை.

கேள்வி: 1701 முதல் 1800 வரை என்ற எல்லையை அப்படியே கொள்ள வேண்டுமா?
– முதுகலை மாணவர், தருமபுரி

பதில்: வேண்டியதில்லை. இங்கிலாந்து வரலாற்றை ஆராய்பவர்களே பெரும்பாலும் 1688இல் தொடங்கி 1815இல் முடித்து, அதை 'நீண்ட பதினெட்டாம் நூற்றாண்டு' என்கிறார்கள். முன்னது அங்கு நிகழ்ந்த ஆட்சி மாற்றம், பின்னது வாட்டர்லூ போர். இரண்டும் அவர்களுடைய மைல்கற்கள். கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கு அவற்றால் ஆவது ஒன்றுமில்லை. நம் பகுதிக்கு ஹைதர் அலியின் எழுச்சி, 1767இல் தொடங்கிய முதல் மைசூர்ப் போர், 1792, திப்பு வீழ்ந்த 1799 ஆகியவையே பொருத்தமான எல்லைக் கற்கள் என்பது என் கருத்து.

எனினும் இம்மாவட்டங்களில் ஆய்வாளரைத் தடுத்து நிறுத்துவது ஆண்டுக் கணக்கோ துறைப் பெயரோ அல்ல, மொழிதான். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் ஊர்கள் இவை; மைசூர் ஆட்சியின் எழுத்துகளை அறியக் கன்னடத்தோடு மராத்தியும் பாரசீகமும் தேவைப்படும். ஆங்கிலப் பதிவுகளை மட்டும் படித்தால், கம்பெனி எதைக் கேட்டதோ அதற்குக் கிடைத்த விடைகளையே நாம் வரலாறாக எழுதுவோம். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதியதால், அங்கே சந்தை வதந்தியும் சகுனமும் கூட நமக்கு எட்டுகின்றன.

கேள்வி: தொடங்குவதற்கு எதைப் பார்க்கலாம்?
– வாசகி, ஊத்தங்கரை

பதில்: சென்னை அரசாங்கம் தொகுதிகளாக அச்சிட்ட பாராமகால் பதிவேடுகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள். மக்கள், விளைபொருள், நில உரிமை எனத் தலைப்பு வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் அடையாளம் தெரியாதபடி எழுதப்பட்டிருக்கும்; வாய்விட்டுப் படித்தால் பிடிபடும்.