குடியை நிறுத்த ரசத்தில் மாத்திரை கலக்கலாமா?

கேள்வி: எங்களுக்குக் கோத்தகிரி பக்கம் சின்னத் தேயிலைத் தோட்டம். கணவருக்கு 41 வயது. பச்சைத் தேயிலையை ஃபேக்டரிக்கு ஏற்றிப்போகும் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். குளிருக்கு என்று ராத்திரி ஒரு கட்டிங்கில் ஆரம்பித்தது, இப்போது தினமும் ஒரு குவார்ட்டருக்குக் குறைவதில்லை. சில நாள் இரண்டு. காலையில் கை நடுங்குகிறது. முந்தின நாள் மிச்சம் வைத்ததைக் குடித்தால்தான் நிற்கிறது. போன கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரேயடியாக நிறுத்தினார். மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார். படுத்தபடியே கியர் போடுவது போலக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். சாமி வந்திருக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் "எனக்கென்ன பைத்தியமா?" என்கிறார். சாப்பாட்டில் தெரியாமல் கலக்கிற மாத்திரை இருக்கிறது என்கிறார் என் நாத்தனார். ரசத்தில் கலக்கலாமா? இல்லையென்றால் கீழே ஒரு சென்டரில் வண்டி அனுப்பித் தூக்கிப் போய்விடுவார்களாம். எதைச் செய்வது?

பதில்: ரசத்தில் கலக்க வேண்டாம், சகோதரி. தூக்கிப்போகவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒன்றுதான் என்னை அதிகம் உலுக்கியது: அந்த மூன்றாம் நாள் ராத்திரி.

அது சாமி இல்லை. டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பெயர். உயிரை எடுக்கக்கூடிய நிலை. வருடக்கணக்கில் தினமும் குடிக்கிறவரின் மூளை, மதுவின் மந்தப்படுத்தும் வேலைக்கு ஈடுகொடுக்கத் தன்னை எப்போதும் முடுக்கிவிட்டே வைத்திருக்கும். மது திடீரென்று நின்றால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு. முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு. இரண்டு முதல் நான்கு நாளுக்குள் குழப்பம், பூச்சி தெரிவது, நாள் கிழமை மறந்துபோவது. பலர் தங்கள் தொழிலைக் காற்றில் செய்துகொண்டிருப்பார்கள். தையற்காரர் துணி தைப்பார், உங்கள் கணவர் கியர் போட்டிருக்கிறார். அன்று அவர் பிழைத்து வந்தது நல்ல காலம். ஒருமுறை இப்படி வந்தவருக்கு அடுத்த முறை நிறுத்தும்போதும் வரும் வாய்ப்பு அதிகம். வலிப்பும் சேர்ந்துகொள்ளலாம்.

அதனால் ஒரு மனைவிக்குச் சொல்லத் தயக்கமான ஒரு யோசனையைச் சொல்கிறேன். டாக்டரைப் பார்க்கும்வரை பாட்டிலை ஒளிக்காதீர்கள், உடைக்காதீர்கள், "இன்றோடு விட்டுவிடு" என்று சத்தியம் வாங்காதீர்கள். அவருக்கு இப்போது ஆபத்து குடியில் மட்டும் இல்லை, குடி சட்டென்று நிற்பதிலும் இருக்கிறது. எக்காரணத்தாலோ நின்றுபோய், வலிப்போ குழப்பமோ காய்ச்சலோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக "இவர் தினமும் குடிப்பவர், நிறுத்தி இத்தனை நாள்" என்று சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் நேரம் போகும். இன்னொன்று: நம் ஊரில் "ஒரு குளுக்கோஸ் ஏற்றினால் தெளிந்துவிடும்" என்று வற்புறுத்துவோம் இல்லையா? குடிப்பவர்களுக்குத் தயமின் என்கிற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதை ஈடுகட்டாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டு, நினைவே நிரந்தரமாகக் கெடலாம். டாக்டர்களுக்கு இது தெரியும். அக்கம்பக்கத்தில் கிளினிக் வைத்திருப்பவரிடம் நீங்களாகப் போய்க் கேட்டு ஏற்றிக்கொள்ளாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, மாத்திரைக்கு வருவோம். நாத்தனார் சொல்வது டைசல்ஃபிராமாக இருக்கும். மது உடம்பில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, பிறகு கல்லீரலில் கரைந்துபோகும். இந்த மருந்து அந்த இரண்டாவது கட்டத்தை அடைத்துவிடும். மேலே குடித்தால் முகம் சிவந்து, தலை வெடித்து, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் சரிவது வரை போகும். இதயம் பலவீனமானவர்கள் இறந்ததும் உண்டு. கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை அந்த அடைப்பு நீடிக்கலாம். கலந்ததே தெரியாமல் அவர் ஒரு கட்டிங் போட்டுவிட்டு, தேயிலை ஏற்றிய வண்டியைக் கொண்டை ஊசி வளைவில் இறக்கிக்கொண்டிருக்கும்போது மயக்கம் வந்தால்?

ஆபத்து ஒரு பக்கம். ரகசியமாகக் கொடுத்தால் அந்த மருந்து தன் வேலையையே இழந்துவிடும் என்பது இன்னொரு பக்கம். இந்த மருந்து குடி ஆசையைக் குறைப்பதில்லை. "உள்ளே மாத்திரை இருக்கிறது, குடித்தால் தொலைந்தோம்" என்ற எண்ணம்தான் கையைத் தடுக்கிறது. 22 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஓர் அலசலில் இது பளிச்சென்று தெரிந்தது: தான் எடுப்பது டைசல்ஃபிராம் என்று தெரிந்தவர்களிடம் பலன் இருந்தது, எது என்று தெரியாமல் எடுத்தவர்களிடம் பலன் தெரியவில்லை. தெரியாமல் சாப்பிட்டவர் என்ன நினைப்பார்? சரக்கு சரியில்லை என்று வேறு பிராண்டுக்கு மாறுவார். விஷயம் வெளிப்பட்ட அன்று உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டார், அதன்பின் எந்த டாக்டரின் மாத்திரையையும் நம்ப மாட்டார். அவர் சம்மதித்து, பரிசோதனைகள் முடிந்து, தினமும் காலையில் உங்கள் முன்னால் விழுங்குவது என்றால் இதே மாத்திரை நல்ல மாத்திரை. இணையத்தில் விற்கும் "குடி மறக்கும் பொடி" வகையறாக்களில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம்: வரமாட்டேன் என்பவரை எப்படி வரவைப்பது? "அவராக உணர்ந்தால்தான் உண்டு, பட்டுத் திருந்தட்டும்" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. பட்டுத் திருந்துவதற்குள் கல்லீரல் போய்விடும். எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவர்தான் ஏதோ ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். காத்திருந்தால் மற்ற 37 பேரில்தான் அவரும் இருப்பார்.

குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் மூலமாகக் குடிப்பவரை வரவைக்கும் முறை ஒன்று உண்டு. கிராஃப்ட் என்பார்கள், ராபர்ட் மேயர்ஸ் என்பவர் உருவாக்கியது. அமெரிக்காவில் 1999இல் வெளியான ஆய்வில், சிகிச்சைக்கு மறுத்தவர்களின் வீட்டார் 130 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். இந்தப் பயிற்சி பெற்றவர்களின் வீட்டில் 64 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். எல்லாரும் கூடி உட்கார்ந்து எதிர்கொள்ளும் முறையில் 30 சதவீதம். "உன்னால் அவரை மாற்ற முடியாது, நீ உன்னைப் பார்த்துக்கொள்" என்ற வழியில் 13 சதவீதம். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வைத்துக் கேட்பது நமக்குப் பழக்கம். அதைவிட மனைவியின் அமைதியான திட்டம் பலித்திருக்கிறது என்று இதைப் படித்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டுக்கு இதை எப்படிக் கொண்டுவருவது? முதலில் ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். எந்தெந்த நாளில் அதிகம், எதற்குப் பிறகு, எந்த நாளில் குறைவு. நீலகிரியில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துப் பத்து ரூபாய் வாங்கிக்கொள்வதால் வீட்டில் கிடக்கும் பாட்டிலை எண்ணிக் கணக்குப் பார்க்க முடியாது, நேரத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஃபேக்டரியில் பணம் பட்டுவாடா ஆகும் நாளா? வண்டிக்கு லோடு இல்லாத நாளா?

பிறகு, குடிக்காமலோ குறைவாகவோ வந்த சாயங்காலத்தை அவருக்கு இதமாக்குங்கள். அவருக்குப் பிடித்த அவரைக்காய்க் குழம்பு, பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை, "இன்றைக்கு நீங்கள் இப்படி இருப்பது நன்றாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்வது. போதையில் வந்தால் சண்டையும் வேண்டாம், உபசாரமும் வேண்டாம். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். விளைவுகளை நீங்கள் துடைத்துப் போடாதீர்கள். "அவருக்குக் காய்ச்சல்" என்று ஃபேக்டரி சூப்பர்வைசருக்கு நீங்கள் போன் செய்யும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள், அவரே பேசட்டும். இது பழிவாங்கல் மாதிரித் தோன்றும். ஆனால் குடியின் விலை இன்றுவரை உங்கள் கணக்கில்தான் விழுகிறது, அது அவர் கண்ணிலேயே படவில்லை.

கூப்பிட ஒரு நேரம் வரும். நடுக்கத்தில் டீ கிளாஸ் தளும்பும் காலை, மகளின் பள்ளியில் தலைகுனிந்த நாள், அவரே "உடம்பு சரியில்லை" என்று முனகும் ராத்திரிக்கு அடுத்த விடியல். போதை இல்லாத அந்த நேரத்தில் குடியைப் பற்றிப் பேசாதீர்கள். "கை நடுக்கத்துக்கும் தூக்கத்துக்கும் ஒரு டாக்டரைப் பார்ப்போம், நானும் வருகிறேன்" என்றால் போதும். "நான் குடிநோயாளி" என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பலர் வயிற்றெரிச்சலுக்கோ தூக்கத்துக்கோதான் முதலில் வருகிறார்கள். அந்தக் கணம் ஒருநாள்கூட நிற்காது. ஆகவே எங்கே, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் முன்பே உங்கள் கையில் இருக்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் கோத்தகிரி அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். உங்கள் கணவருக்கு முன்பு அந்த மூன்றாம் நாள் நிலை வந்திருப்பதால் வீட்டில் இருந்தபடி நிறுத்துவது சரிப்படாது, சேர்த்துப் பார்க்கும் வசதி வேண்டும். உதகையோ கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ என்று அந்த டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். யாரிடமும் முகம் காட்டாமல் பேச வேண்டுமானால் அரசின் மனநல உதவி எண் 14416 டெலிமானஸ், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். போதை சிகிச்சைக்கென்றே 14446 இருக்கிறது.

சேர்த்தால் என்ன செய்வார்கள் என்று பயப்படுவார். மூளையின் முடுக்கத்தை அடக்கும் குளோர்டயசிபாக்சைடு அல்லது லோராசிபாம் மாத்திரை, கூடவே தயமின். முதலில் நடுக்கம் அடங்கும் அளவுக்குக் கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். ஷாக் எல்லாம் இதற்குக் கிடையாது. அதன்பிறகுதான் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்றவை, அப்புறம் கவுன்சலிங். கவுன்சலிங் என்றால் பெரிய படிப்புப் படித்தவர்தான் வேண்டும் என்றில்லை. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, அதிகம் குடிக்கும் ஆண்களிடம் சில அமர்வுகள் பேசவைத்த ஆய்வு 2017இல் வந்தது. வழக்கமான கவனிப்பில் 26 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து மீண்டார்கள், பேச்சும் சேர்ந்தபோது 36 சதவீதம். நடுக்கத்துக்கான அந்த முதல் மாத்திரை குறைந்து முடியும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. லோடுக்கு வேறு டிரைவரை இப்போதே பேசி வையுங்கள்.

மாலை போடுவதை நான் தடுக்க மாட்டேன். 41 நாள் விரதம், குடியை நிறுத்த வழி சொல்லும் எங்களைப் போன்றவர்களுக்கு வரப்பிரசாதம், வேறு எதுவும் ஒரு மனிதரை இவ்வளவு ஊர் மரியாதையோடு குடிக்காமல் வைத்திருக்காது. வரிசையைத்தான் மாற்ற வேண்டும். ஐப்பசியிலேயே சேர்ந்து, உடம்பு தெளிந்த பிறகு கார்த்திகையில் மாலை. குருசாமியிடம் விஷயத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

குளிருக்குக் குடிப்பது பற்றி ஒரு வரி. மது தோல் பக்கம் ரத்தத்தைத் தள்ளுவதால் சூடாகத் தெரியும், உடம்பின் உள்சூடு உண்மையில் இறங்கும். மலையில் குடித்துவிட்டு ராத்திரி வெளியே விழுந்துகிடப்பது அதனாலேயே கூடுதல் ஆபத்து. ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது, அதைக் கட்டிங் கணக்கில் பேசுவதால் குறைவாகத் தோன்றுகிறது.

வண்டி அனுப்பித் தூக்கிப்போகும் சென்டர் விஷயம். மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 மது, போதையால் வரும் மனப் பாதிப்புகளுக்கும் பொருந்தும். சம்மதமில்லாமல் சேர்க்க அதில் வழி உண்டு. ஆனால் அது, தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலை, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலை போன்றவற்றுக்குத்தான். மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். நாலு பேர் வந்து வண்டியில் போட்டுக்கொண்டு போவது இந்த வழி இல்லை. சங்கிலியில் கட்டுவதும், கட்டாய மொட்டை அடிப்பதும் அதே சட்டத்தில் தடை. எந்த சென்டராக இருந்தாலும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, ராத்திரி டாக்டர் யார், போனில் உங்கள் கணவரோடு பேச விடுவார்களா என்று மூன்றைக் கேளுங்கள். டாக்டர் இல்லாத சென்டரில் அந்த மூன்றாம் நாள் வந்தால் பார்க்க ஆளில்லை.

அடிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. அடித்தால் மேலே சொன்ன எதையும் தனியாகச் செய்யாதீர்கள், முதலில் பெண்கள் உதவி எண் 181. அடிக்காவிட்டாலும் உங்கள் தூக்கம், சாப்பாடு, அம்மா வீட்டுக்குப் போவது இவற்றை அவருடைய குடியோடு கட்டிவைக்காதீர்கள். மேயர்ஸ் குழுவின் முறையில் இதுவும் ஒரு பாடம். குடிப்பவர் சிகிச்சைக்கு வராத வீடுகளிலும் மனைவியின் சோர்வும் கோபமும் குறைந்திருந்தன.

சிகிச்சைக்குப் பிறகு ஒருநாள் மறுபடி குடித்து வந்தார் என்று வையுங்கள். நடக்கும். அன்றைக்கு எத்தனை என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். டைசல்ஃபிராம் எடுத்தபடி குடித்திருந்தால் உடனே ஆஸ்பத்திரி. நால்ட்ரெக்ஸோன் என்றால் பயமில்லை, டாக்டர் வேறு சொல்லாதவரை மறுநாளும் மாத்திரையைக் கொடுங்கள். அடுத்த ஓபி தேதி மூன்று வாரம் தள்ளி இருந்தாலும் அதற்காகக் காத்திருக்காமல் அந்த வாரமே கூட்டிப்போங்கள்.