ஒரு ஆப்ஜெக்டை மாற்றினால் தொடாத இன்னொன்றும் ஏன் மாறுகிறது? கிளாஸ் உறவுகளை எப்படிப் புரிந்துகொள்வது?

பாலிடெக்னிக்கில் முதல் ஆண்டு, ஜாவாவும் பைதானும் சேர்ந்தே ஓடுகின்றன, ஒரு வேரியபிளை மாற்றினால் கை வைக்காத இன்னொன்றும் மாறிவிடுகிறது, அது புரிவதற்குள் இன்ஹெரிட்டன்ஸ் (ஒரு கிளாஸ் இன்னொன்றிலிருந்து பிறப்பது), காம்போசிஷன் (ஒன்று இன்னொன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்வது) என்று அடுத்த பாடம் வந்துவிட்டது, இரண்டுமே மண்டையில் ஏறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் சம்பந்தமில்லாத பாடங்களாக நடத்துவதால்தான் இந்தக் குழப்பம் என்று நினைக்கிறேன். ரெஃபரன்ஸ், அதாவது ஆப்ஜெக்ட் எங்கே இருக்கிறது என்று காட்டும் லிங்க், பிடிபட்டுவிட்டால் கிளாஸ் உறவில் முக்கால்வாசி வேலை முடிந்தது.

தைப்பூசத்துக்கான தொண்டூழியர் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் எப்படி அனுப்புவீர்கள்? ஃபைலாகவே அனுப்பினால் ஆளுக்கொரு பிரதி, யார் எதை அழித்தாலும் மற்றவருக்குத் தெரியாது. கூகுள் ஷீட் லிங்க்கை அனுப்பினால் பட்டியல் ஒன்றுதான், ஒருவர் பெயரை மாற்றினால் எல்லார் திரையிலும் மாறும். ஜாவாவில் இன்ட், டபிள் போன்ற அடிப்படை வகைகள் முதல் ரகம். ஆப்ஜெக்ட் என்று வந்துவிட்டால் வேரியபிளில் இருப்பது லிங்க் மட்டுமே, அதுதான் ரெஃபரன்ஸ். சமக்குறி போட்டு இன்னொரு வேரியபிளுக்குக் கொடுத்தால் லிங்க்தான் பிரதியாகும், ஆப்ஜெக்ட் ஆகாது.

பைதான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும், அதனால் இதை அப்படியே ஓட்டிப் பார்க்கலாம். ஒரு பஸ் நிறுத்தத்தில் 65, 147 இரண்டும் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

நிறுத்தம் = [65, 147]
என்நிறுத்தம் = நிறுத்தம்
என்நிறுத்தம்[0] = 23
என்நிறுத்தம் = [2, 67]

மூன்றாவது வரி ஓடியதும் 'நிறுத்தம்' எதைக் காட்டும்? 23, 147. நான்காவது வரிக்கு அப்புறம்? அதே 23, 147. மூன்றாவது வரி பட்டியலுக்கு உள்ளே போய்க் கை வைக்கிறது, நான்காவது வரி 'என்நிறுத்தம்' என்ற பெயரை அங்கிருந்து பிடுங்கி வேறொரு பட்டியலில் மாட்டுகிறது, பழைய பட்டியலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இந்த இரண்டு வரிகளுக்கும் உள்ள வித்தியாசம் தெளிவாகாமல் அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள், ஏனென்றால் ஃபங்ஷனுக்கு ஆப்ஜெக்டை அனுப்பும்போது நடப்பதும் இதேதான். ஜாவா எப்போதும் மதிப்பைத்தான் அனுப்பும், ஆப்ஜெக்ட் விஷயத்தில் அந்த மதிப்பே ஒரு ரெஃபரன்ஸ் என்பதுதான் எல்லாரையும் சுற்றலில் விடுகிறது. ஃபங்ஷனுக்குள் ஆப்ஜெக்டின் உள்ளே எதையாவது மாற்றினால் வெளியே தெரியும், பாராமீட்டருக்கு நியூ போட்டுப் புது ஆப்ஜெக்டைக் கொடுத்தால் வெளியே தெரியாது.

ஒப்பிடுவதிலும் இதே கதை. ஜாவாவில் இரட்டைச் சமக்குறி இரண்டு ஆப்ஜெக்டுக்கு நடுவே வந்தால் 'இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா' என்று மட்டும்தான் கேட்கும். இதில் ஒரு விஷமம் உண்டு. பஸ் எண்ணை இன்ட்டாக வைக்காமல் பெரிய எழுத்தில் தொடங்கும் இன்டிஜர் கிளாஸில் வைத்தீர்கள் என்றால், 65-ஐயும் 65-ஐயும் ஒப்பிட்டால் சமம் என்று வரும், 147-ஐயும் 147-ஐயும் ஒப்பிட்டால் இல்லை என்று வரும்! காரணம், -128 முதல் 127 வரையிலான இன்டிஜர் ஆப்ஜெக்டுகளை ஜாவா முன்கூட்டியே செய்து வைத்துத் திரும்பத் திரும்ப அதையே கொடுக்கிறது. அதைத் தாண்டினால் பொதுவாகப் புதிதாகச் செய்துவிடும். ஆகவே உள்ளே இருக்கும் மதிப்பை ஒப்பிடும் ஈக்வல்ஸ் மெத்தடைப் பயன்படுத்துங்கள். உங்கள் சொந்தக் கிளாஸ் என்றால் எது சமம் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நம் சிங்கப்பூரில் சாலைக்கு இந்தப் பக்கமும் எதிர்ப்பக்கமும் உள்ள நிறுத்தங்களின் பெயர் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி ஐந்து இலக்க எண் உண்டு, எனவே பெயரை விட்டுவிட்டு எண்ணை வைத்து ஒப்பிட வேண்டும். ஈக்வல்ஸை மாற்றினால் ஹேஷ்கோடையும் (ஹேஷ்மேப் போன்றவை ஆப்ஜெக்டைத் தேடப் பயன்படுத்தும் எண்ணைத் தரும் மெத்தட்) சேர்த்து மாற்றுங்கள்.

நல் (null) என்பது எந்த ஆப்ஜெக்டையும் காட்டாத ரெஃபரன்ஸ், அவ்வளவுதான். 1965-இல் அதைக் கொண்டுவந்த கணினி அறிஞர் டோனி ஹோர் 2009-இல் அதைத் தன் நூறு கோடி டாலர் தவறு என்று சொன்னார், எனவே நல்லை ஆப்ஜெக்ட் என்று நினைத்துப் பயன்படுத்தி நல் பாயின்டர் எக்ஸப்ஷன் என்ற பிழை வந்தால் ரொம்ப மனம் நோக வேண்டாம்.

சரி, உறவுகள். நிறுத்தம் என்ற கிளாஸுக்குள் பஸ் சேவைகளின் பட்டியல் ஒரு ஃபீல்டாக (கிளாஸுக்குள் இருக்கும் வேரியபிளாக) இருக்கிறது என்றால், அந்த ஃபீல்டில் கிடப்பது மேலே பார்த்த அதே ரெஃபரன்ஸ்தான். 'அதனிடம் இது இருக்கிறது' என்ற உறவுக்கு இதைத் தவிர வேறு ரகசியம் கிடையாது. இதனால்தான் 147 என்ற ஒரே சேவை ஆப்ஜெக்டைப் பல நிறுத்தங்கள் பகிர்ந்துகொள்ள முடிகிறது, அதன் கடைசி பஸ் நேரத்தை ஓர் இடத்தில் மாற்றினால் போதும்.

இன்ஹெரிட்டன்ஸ் வேறு ரகம். மாடி பஸ் ஒரு பஸ்தான், எங்கே பஸ் கேட்டாலும் மாடி பஸ்ஸைக் கொடுக்கலாம், அங்கே அது சரி. ஆனால் 'கடைசி நிறுத்தம்' என்று ஒரு கிளாஸ் எழுதி அதை நிறுத்தத்திலிருந்து பிறக்க வைப்பதைப் பார்த்திருக்கிறேன், கேட்கும்போது நியாயமாகத்தான் படும். ஆனால் ஒரே நிறுத்தம் ஒரு சேவைக்குக் கடைசியாகவும் இன்னொரு சேவைக்கு நடுவழியாகவும் இருக்கும், நாளைக்குத் தடத்தை நீட்டினால் கடைசி என்பதே போய்விடும். ஜாவாவில் ஆப்ஜெக்ட் பிறந்த பிறகு அதன் கிளாஸை மாற்ற முடியாது. மாறக்கூடிய பொறுப்பு எதுவானாலும் அதை ஃபீல்டாக வையுங்கள், இங்கே சேவையிடம் அதன் கடைசி நிறுத்தத்தின் ரெஃபரன்ஸ் இருந்தால் போதும்.

ஜாவாவிலேயே இந்தச் சறுக்கல் உண்டு. ஸ்டாக் கிளாஸை வெக்டர் என்ற பட்டியல் கிளாஸிலிருந்து பிறக்க வைத்துவிட்டார்கள். மேலிருந்து மட்டுமே எடுக்க, வைக்க வேண்டிய ஸ்டாக்கின் நடுவில் எதையாவது செருகினாலும் அது பேசாமல் வாங்கிக்கொள்ளும், ஏனென்றால் வெக்டரின் எல்லா மெத்தடும் கூடவே வந்துவிட்டது. இன்றும் அது அப்படியே இருக்கிறது, ஜாவாவின் ஆவணமே அதற்குப் பதில் டெக் (இரு முனையிலும் சேர்க்கவும் எடுக்கவும் கூடிய வரிசை) இன்டர்ஃபேஸைப் பரிந்துரைக்கிறது.

கடைசியாக, நிறுத்தம் சேவையையும் சேவை நிறுத்தத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும் இருவழி உறவில் ஒரு பக்கம் சேர்த்துவிட்டு மறுபக்கத்தை விட்டுவிடுவது சர்வ சாதாரணம், இரண்டையும் ஒரே மெத்தடுக்குள் செய்துவிடுங்கள். மேலே உள்ள நான்கு வரிகளைப் பைதான் டியூட்டர் தளத்தில் போட்டு ஒவ்வொரு வரியாக ஓட்டினால் எந்தப் பெயர் எந்த ஆப்ஜெக்டைக் காட்டுகிறது என்று அம்புக்குறி போட்டே காட்டும். ஜாவாவும் அதில் ஓடும்.