தெருமுனையில் பாலியல் தொழில் நடந்தால் அங்கே குடியிருப்பவர்கள் என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: நீங்கள் குடியிருக்கும் பகுதியில் இருட்டியதும் சில பெண்கள் தெருவோரம் நிற்கிறார்கள், அவர்களைத் தேடி வண்டிகள் வருகின்றன, குடியிருப்போர் சங்கத்தில் ஆள் திரட்டி விரட்டிவிடலாம் என்று பேச்சு ஓடுகிறது. இது ஒரு பகுதியை உண்மையிலேயே எவ்வளவு பாதிக்கும், விரட்டுவது சரிதானா என்று கேட்கிறீர்கள்.

பாதிப்பு உண்மை. விரட்டுவது சரியில்லை. இதைப் பற்றிப் பேசுகிற பலரும் இந்த இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் இப்படி ஒரு தெருவில் வருடக்கணக்கில் குடியிருந்தவள். சங்கக் கூட்டங்களில் இதற்காகவே மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறேன். மற்ற நகரங்களில் என்ன செய்தார்கள், என்ன ஆனது என்று தேடிப் படிக்க ஆரம்பித்ததும் அந்தக் கூட்டங்களால்தான்.

முதலில் பாதிப்பைப் பேசுவோம், ஏனென்றால் அதைக் குறைத்துப் பேசினால் குடியிருப்பவர்கள் மேற்கொண்டு எதையும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள். என் தெருவில் எல்லோரையும் அதிகம் வாட்டியது வண்டிகள். ஒரே கார் மெதுவாக நாலைந்து சுற்று வரும். கண்ணாடி இறங்கும், பேரம் நடக்கும், கதவு அறையும் சத்தம் கேட்கும், பிறகு அடுத்த கார். தூக்கம் போய்விடும். இரவு வேலை முடித்து வீடு திரும்பும் பெண்களுக்கு இது தூக்கத்தோடு நிற்பதில்லை. கார் பக்கத்தில் வந்து ஊர்ந்தபடி "வர்றியா, எவ்வளவு?" என்று கேட்பார்கள். என்னையும் கேட்டிருக்கிறார்கள். பள்ளிச் சீருடையில் டியூஷன் முடித்து வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கேட்டார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பெண் தனியாக வெளியே போவதே நின்றுவிட்டது. ஒரு குடும்பத்தின் மாலை நேரங்கள் முழுக்க அப்படி மாறிப்போயின.

அப்புறம் காலையில் வாசலில் கிடக்கும் ஆணுறைகள், படிக்கட்டின் கீழே சிறுநீர் நாற்றம், போதைப் பழக்கம் கலந்திருக்கும் பகுதிகளில் ஊசிகள். குழந்தைகள் விளையாடும் இடத்தில் ஊசி கிடந்தால் யாருக்கும் பொறுமை இருக்காது, இருக்கவும் வேண்டியதில்லை. வீட்டு விலை, வாடகை விழுவதைப் பற்றியும் நிறையப் பேசுவார்கள். அந்தக் கவலையும் பொய்யில்லை. ஆனால் கூட்டங்களில் அது சத்தமாக ஒலிக்கும், காரில் இருந்தவன் தன்னிடம் என்ன கேட்டான் என்று சொல்ல வரும் பெண்ணின் குரல் கேட்கவே கேட்காது.

இந்தப் புகார்களைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பாருங்கள். சுற்றி வரும் கார், ஹாரன், போகிற வருகிற பெண்களைச் சீண்டுவது, இவை எல்லாமே வாங்க வருகிற ஆண்களின் வேலை. குப்பையும் நாற்றமும் பெரும்பாலும் ஒதுங்க இடமில்லாததால் வருபவை. ஊசி போதை சம்பந்தப்பட்டது, அதற்கு வைத்தியம் வேறு. அந்தப் பெண் அங்கே நிற்பதால் மட்டும் வருகிற தொல்லை என்று பார்த்தால் மிச்சம் இருப்பது ரொம்பக் கொஞ்சம். ஆனால் எங்கேயும் முதலில் நடவடிக்கை அவள் மேல்தான் பாயும். இங்கிலாந்தில் தெருவில் நின்று அழைக்கும் பெண்ணைக் குற்றவாளியாக்கிய சட்டம் 1959-இல் வந்தது. காரில் ஊர்ந்து வந்து பேரம் பேசும் ஆணைக் குற்றவாளியாக்கும் சட்டம் 1985-இல்தான் வந்தது. நடுவில் 26 வருடங்கள்.

ஏன் குறிப்பாக இந்தத் தெரு என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் ஆத்திரமாகக் கேட்டார். அதற்குப் பதில் உண்டு. பெரிய சாலையிலிருந்து சுலபமாகத் திரும்பி, சுற்றி வந்து, மறுபடி அதே சாலையில் போய்ச் சேரக்கூடிய தெருவாக இருக்கும். வண்டி நிறுத்த இடம் இருக்கும். கூடவே, கொஞ்சம் வெளிச்சமும் அக்கம்பக்கத்தில் ஆட்களும் இருப்பார்கள். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நாம் யோசிப்பதில்லை. முன்பின் தெரியாத ஒருவனின் வண்டியில் ஏறப்போகிற பெண், தான் கத்தினால் யாராவது ஜன்னலைத் திறப்பார்கள் என்று நம்பக்கூடிய இடத்தில்தான் நிற்க விரும்புவாள். அந்த ஜன்னல் நம் வீட்டு ஜன்னலாக அமைந்துவிடுகிறது.

விரட்டினால் என்ன ஆகும் என்பதற்கு கனடாவின் வான்கூவர் நகரத்தைப் பார்க்க வேண்டும். நான் படித்ததில் என்னை மிகவும் உலுக்கியது அதுதான். 1975 கடைசியில் அங்கே ஒரு பிரபலமான இரவு விடுதியை போலீஸ் சோதனையிட்டு மூடியது. உள்ளே வேலை செய்த பெண்களில் பலர் தெருவுக்கு வந்தார்கள். வெஸ்ட் எண்ட் என்ற நெருக்கமான குடியிருப்புப் பகுதியில் தொழில் வெளிப்படையாக நடக்க ஆரம்பித்தது. குடியிருப்பவர்கள் கொதித்துப் போய்ச் சங்கம் அமைத்தார்கள், ரோந்து போனார்கள், வாங்க வந்தவர்களை அவமானப்படுத்தினார்கள். 1984-இல் மாகாண உயர் நீதிமன்றம் அந்தப் பகுதியிலிருந்து தெருவில் தொழில் செய்தவர்களை விலக்கித் தடையாணை போட்டது. வெஸ்ட் எண்ட் அமைதியானது. அவர்கள் என்ன ஆனார்கள்? முதலில் மவுண்ட் பிளசன்ட் என்ற பகுதிக்குப் போனார்கள். அங்கேயும் குடியிருப்பவர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் டவுன்டவுன் ஈஸ்ட்சைடில், இரவில் ஆளே இல்லாத கிடங்குகளும் தொழிற்கூடங்களும் இருக்கிற தெருக்களில் போய் நின்றார்கள்.

1990-கள் முழுக்க அந்தத் தெருக்களிலிருந்து பெண்கள் காணாமல் போய்க்கொண்டே இருந்தார்கள். அவர்களில் பூர்வகுடிப் பெண்கள் ஏராளம். வீட்டார் புகார் கொடுத்தபோது எங்கேயாவது போயிருப்பாள் என்று பதில் கிடைத்தது. 2002-இல் ராபர்ட் பிக்டன் என்ற பன்றிப் பண்ணைக்காரர் கைதானார். 26 கொலை வழக்குகள் பதிவாகி, 2007-இல் ஆறு கொலைகளுக்குத் தண்டனை கிடைத்தது. வாலி ஓப்பல் தலைமையிலான விசாரணை ஆணையம் 2012-இல் கொடுத்த அறிக்கை, போலீஸ் விசாரணை எந்த அளவுக்குக் கோட்டைவிட்டது என்பதை விரிவாகப் பதிவு செய்தது. வெஸ்ட் எண்டில் தூக்கம் கெட்டுப்போய் அன்று சங்கம் அமைத்த யாரும் இதை நினைத்திருக்க மாட்டார்கள். அவர்கள் கேட்டது அமைதியான தெருவைத்தான். ஆனால் வெளிச்சமான தெருவிலிருந்து இருட்டுக்குத் தள்ளிய கைகளில் அவர்களின் கையும் இருந்தது. அப்படி வெளியேற்றப்பட்டவர்களுக்காக 2016-இல் அதே பகுதியில், ஒரு தேவாலயத்தின் பக்கத்தில், விளக்குக் கம்பம் ஒன்றை நினைவுச் சின்னமாக நிறுத்தினார்கள்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பால்சால் ஹீத் என்ற பகுதியின் கதையையும் சொல்ல வேண்டும். விரட்டுவதை ஆதரிப்பவர்கள் எடுத்துக்காட்டுவது பெரும்பாலும் இதைத்தான். 1994-இல் அங்கே குடியிருப்பவர்கள் தெருமுனைகளில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள், பதாகை பிடித்தார்கள், வருகிற கார்களின் எண்களைக் குறித்தார்கள். சில மாதங்களில் தொழில் அந்தத் தெருக்களை விட்டுப் போய்விட்டது. தங்கள் பகுதி மீண்டும் தங்கள் கைக்கு வந்தது என்று அவர்கள் சந்தோஷப்பட்டார்கள், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெண்களில் பலர் பக்கத்திலிருந்த எட்ஜ்பாஸ்டனுக்கு இடம் மாறினார்கள். பிறகு அங்கே குடியிருப்பவர்கள் புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். மறியலில் நின்றவர்கள் தங்களை மிரட்டினார்கள், துரத்தினார்கள் என்று அந்தப் பெண்கள் சொன்னதும் பதிவாகியிருக்கிறது.

சரி, வேறு வழியே இல்லையா? சில நகரங்கள் தனி இடம் ஒதுக்கிப் பார்த்தன. ஜெர்மனியின் கொலோன் நகரம் 2001-இல் ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் இப்படி ஓர் இடத்தைத் திறந்தது. சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் சீல்காய் என்ற ஆற்றோரச் சாலையில் இதே பிரச்சினை முற்றியபோது, மாற்று இடத்துக்குப் பணம் ஒதுக்கலாமா என்று 2012-இல் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் ஆதரித்தார்கள். 2013 ஆகஸ்டில் ஆல்ட்ஷ்டெட்டன் என்ற இடத்தில் அது திறந்தது. கார் நுழைய ஒரு வழி, வெளியேற ஒரு வழி, கார் நிறுத்த மறைப்பு போட்ட தடுப்புகள், ஒவ்வொன்றிலும் அபாய மணி, கழிப்பறை, குளியலறை, ஆலோசனை சொல்லப் பணியாளர்கள். குடியிருப்பவர்களின் தூக்கத்தையும் அந்தப் பெண்களின் உயிரையும் ஒரே திட்டத்தில் கணக்கில் எடுத்துக்கொண்டதால் இது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் இடம் ஒதுக்கினால் மட்டும் போதாது. நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாம் 2003-லும் ராட்டர்டாம் 2005-லும் தங்கள் ஒதுக்கிடங்களை மூடின. ஆள் கடத்தலும் போதையும் அங்கே புகுந்துவிட்டிருந்தன. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஹோல்பெக் பகுதியில் 2014-இல் ஆரம்பித்த ஏற்பாடு வேறு மாதிரி: குறிப்பிட்ட தெருக்களில், குறிப்பிட்ட இரவு நேரத்தில் நின்றால் கைது கிடையாது. போலீசிடம் பேச அந்தப் பெண்களுக்குத் தைரியம் வந்தது என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் 2015 டிசம்பரில் அங்கேயே ஒரு பெண் கொலை செய்யப்பட்டாள். எல்லை தாண்டி வீட்டு வாசல்வரை தொழில் வருகிறது என்று குடியிருப்பவர்கள் விடாமல் போராடினார்கள். 2021-இல் அதை முடிவுக்குக் கொண்டுவந்தார்கள். சூரிச்சில் மணியும் சுவரும் ஆட்களும் இருந்தார்கள். லீட்ஸில் குடியிருப்புகளை ஒட்டிய தெருக்களில் கைது செய்வதை நிறுத்தியதுதான் ஏற்பாட்டின் மையமாக இருந்தது. வித்தியாசத்துக்கு இதுதான் முக்கியக் காரணம் என்று எனக்குப் படுகிறது.

எனக்கு அதிகம் நம்பிக்கை தந்தது இங்கிலாந்தின் இப்ஸ்விச். 2006 கடைசியில், சில வாரங்களுக்குள், தெருவில் தொழில் செய்த ஐந்து பெண்கள் அங்கே கொல்லப்பட்டார்கள். ஐந்து பேருமே போதைப் பழக்கத்தில் சிக்கியிருந்தவர்கள். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு 2007-இல் ஒரு திட்டம் வந்தது. காரில் வருகிற ஆண்கள் மேல் கடுமையான நடவடிக்கை. பெண்களைப் பொறுத்தவரை ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தேடிப்போய் அவளுக்கு என்ன தேவை என்று பார்த்தார்கள்: போதை சிகிச்சையா, வீடா, கடனா, அடிக்கும் துணைவனா. போலீஸ், சுகாதாரத் துறை, நகராட்சி, தொண்டு அமைப்புகள் எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். சில வருடங்களில் அந்த ஊரில் தெருவோரத் தொழில் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. செலவும் உழைப்பும் அதிகம் பிடிக்கும் வழிதான். ஆனால் ஐந்து பேர் செத்த பிறகு செய்ததை முன்பே செய்திருக்கலாமே என்ற ஆற்றாமை எனக்கு இன்னமும் உண்டு.

இனி உங்கள் சங்கத்துக்கு வருகிறேன். அடுத்த கூட்டத்தில் "அவர்களை என்ன செய்வது" என்று பேச்சைத் தொடங்க விடாதீர்கள். எந்தத் தொல்லை, எந்த நேரம், எந்த முனை என்று எழுத்தில் வாங்குங்கள். வண்டிகள்தான் பிரச்சினை என்றால் மாநகராட்சியிடம் போய் இரவில் அந்தச் சுற்றுவழியை அடைக்கவோ ஒருவழிப் பாதையாக்கவோ கேளுங்கள். 1980-களில் லண்டனின் ஃபின்ஸ்பரி பார்க் பகுதியில் தெருக்களை அடைத்துப் போக்குவரத்தை மாற்றியது நல்ல பலன் கொடுத்தது, போலீஸ் நடவடிக்கையும் கூடவே இருந்தது. குப்பைக்குத் தொட்டி வைக்கச் சொல்லுங்கள், ஊசி கிடந்தால் எடுக்கப் பயிற்சி பெற்ற ஆட்களின் எண் எல்லோரிடமும் இருக்கட்டும். விளக்கு கேட்கும்போது தெரு முழுக்கக் கேளுங்கள். ஒரு முனையை மட்டும் வெளிச்சமாக்கினால் அடுத்த இருட்டு முனைக்குத்தான் எல்லாம் நகரும்.

படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணுக்குக் குழந்தைகள் இருக்கலாம், வீட்டுக்குத் தெரியாமல் வந்திருக்கலாம். அது மட்டுமல்ல, பஸ்ஸுக்கு நிற்கிற யாரோ ஒரு பெண்ணும் அதில் மாட்டுவாள். திருநங்கைகள் என்றால் சும்மா நடந்து போனாலே சந்தேகப்படுகிறார்கள். நியூயார்க்கில் தொழில் நோக்கத்தோடு தெருவில் நிற்பதைக் குற்றமாக்கிய 1976-ஆம் வருடச் சட்டம் இப்படித்தான் திருநங்கைகள் மேல் பாய்ந்துகொண்டிருந்தது. 2021-இல் அதை ரத்து செய்தார்கள்.

நிற்பவள் சிறுமியாக இருக்கலாம் என்று தோன்றினாலோ, யாரோ கண்காணித்துக்கொண்டு பணத்தை வாங்குவது தெரிந்தாலோ, சங்கக் கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல்துறைக்கோ சொல்லுங்கள்.

கடைசியாக, பாலியல் தொழிலாளர்களோடு வேலை செய்கிற அமைப்பு உங்கள் நகரத்தில் இருந்தால் அவர்கள் மூலமாக அந்தப் பெண்களிடம் பேசுங்கள். நேரில் போய் நிற்க வேண்டாம், பயந்துவிடுவார்கள். எங்கள் தெருவில் அப்படிப் பேசியபோது டியூஷன் விடும் நேரம் முடியும்வரை அந்தப் பக்கம் வருவதில்லை என்று அவர்களே சம்மதித்தார்கள். எங்கள் பக்கமிருந்து போலீசைக் கூப்பிட்டு அடித்து விரட்டச் சொல்வது நின்றது. ஒருத்தியைக் காருக்குள் இழுத்துப்போட்டு அடித்தவனின் வண்டி எண்ணை அந்த அமைப்புக்காரர் எங்களிடம் கொண்டுவந்தார். அதே எண் எங்கள் புகார் நோட்டிலும் இருந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் காவல் நிலையத்தில் புகாரை எடுத்துக்கொண்டார்கள்.